ஈரநிலம் மீட்பவர்களுக்கு: ஒரு மண் நுண்ணுயிர்ப் பரிசோதனைச் சேவையைப் பயன்படுத்திப் பார்த்து எழுதுவது

மண்ணைப் பெட்டியில் போட்டு அனுப்பினால், அதில் இருக்கும் நுண்ணுயிர்களின் டிஎன்ஏவைப் படித்து அறிக்கை தரும் சேவைகள் இப்போது பல வந்துவிட்டன. நான் பார்த்தவரை எல்லாமே பயிர் செய்கிறவர்களை மனதில் வைத்து உருவானவை. நான் அவற்றில் ஒன்றை வேறொரு வேலைக்குப் பயன்படுத்தினேன். உழவு நின்று, பின்னர் மறுபடி நீர் கட்டப்பட்ட ஒரு நிலத்தில் மண்ணின் உயிர் திரும்புகிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வகம் நல்ல ஆய்வகம். மரபணு எண்ணிக்கை தரும் பக்கங்களுக்காக மட்டுமேகூட இதை வாங்கலாம். ஆனால் அறிக்கையின் முதல் பக்கத்தில் பெரிதாக அச்சிட்டிருக்கிறார்களே, ‘மண் உயிர் மதிப்பெண்’, அது ஈரநிலத்துக்குத் தலைகீழாகப் பேசுகிறது. அதை நம்பி யாரும் அடைத்த வடிகாலைத் திரும்பத் திறந்துவிடக் கூடாது. இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

நிலத்தைப் பற்றிக் கொஞ்சம். தாழ்வான நிலம். வடிகால் வெட்டி நீரை இறக்கி, உழுது, உரமிட்டு நெடுங்காலம் பயிர் செய்திருக்கிறார்கள். கட்டுப்படியாகாமல் கைவிட்டபின் புதர் மண்டிக் கிடந்தது. வடிகால்களின் வாயை மண்ணால் அடைத்து, ஆண்டின் பெரும்பகுதி நீர் நிற்கும்படி செய்தோம். அந்தக் குழுவில் மண்ணைக் கவனிப்பது என் பொறுப்பு. மாதிரி எடுக்க மூன்று இடங்களைத் தேர்ந்துகொண்டேன்: வடிகால் இன்னும் திறந்திருக்கும் காய்ந்த பகுதி, நீர் கட்டிய பகுதி, ஓரத்தில் கலப்பையே படாத பழைய சதுப்பு.

அந்த மூன்றாவது இடம் இல்லாமல் இந்தப் பரிசோதனைக்குப் பணம் கட்டுவதில் பொருளில்லை. மண் மீள்கிறது என்றால் எதை நோக்கி மீள்கிறது? அதைச் சொல்ல ஒரு நிலம் வேண்டும். சேவையின் படிவத்தில் பயிர் என்ன, கடைசியாக உரமிட்டது எப்போது, பூச்சிமருந்து அடித்ததுண்டா என்றெல்லாம் கட்டங்கள் இருந்தன. ஒப்பீட்டு நிலத்துக்குக் கட்டம் இல்லை. நீர் எவ்வளவு நாள் நின்றது என்று கேட்கவும் இல்லை. இரண்டையும் ‘பிற குறிப்புகள்’ என்ற இடத்தில் எழுதி அனுப்பினேன். வாங்குகிறவர்கள் நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பெட்டியில் குறை சொல்ல எதுவுமில்லை. எஃகுக் குழாய் ஒன்று, முன்பே எண் ஒட்டிய பைகள், டிஎன்ஏவைச் சிதையாமல் காக்கும் திரவம் நிரப்பிய சிறு குப்பிகள், குளிர்ப் பொதிகள், கையுறைகள், குழாயைத் துடைக்க ஆல்கஹால் துணி. குழாயின் முனை நல்ல கூர்மை. ஈரநிலத்தில் இதற்கு மதிப்பு அதிகம். மழுங்கிய குழாய் சேற்றை அமுக்கிக் கீழே தள்ளிவிடும். எந்த ஆழத்து மண் எது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. இந்தக் குழாய் வேரோடு சேர்த்து வெட்டிக்கொண்டு வந்தது. சாம்பல் நிறச் சேற்றின் நடுவே, கோரை வேர் ஒவ்வொன்றைச் சுற்றியும் துருநிறத்தில் மெல்லிய உறை ஓடுவது அப்படியே தெரிந்தது. வேர் தன் வழியாகக் கீழே கொண்டுவந்து கசியவிடும் ஆக்சிஜன், கரைந்திருந்த இரும்பைத் துருவாகப் படியவைத்த தடம் அது. அந்த ஒரு சுவட்டைப் பார்த்தாலே இந்த மண்ணில் நீர் நிலைத்துவிட்டது என்று தெரியும்.

காக்கும் திரவம் இருப்பதுதான் இந்தச் சேவையை நான் தேர்ந்த முதல் காரணம். சதுப்பு மண்ணை வெளியே எடுத்த நொடியிலிருந்து அதில் காற்று புகத் தொடங்குகிறது. காற்றில்லாமல் வாழ்ந்த கூட்டம் ஒடுங்கும், ஆக்சிஜனைக் கண்டால் பெருகும் கூட்டம் தலையெடுக்கும். கூரியர் வண்டியின் வெக்கையில் கிடந்துவிட்டு வரும் வெறும் பையில் இருப்பது பாதி அந்தப் பயணத்தின் கதை. எடுத்த இடத்திலேயே குப்பிக்குள் போட்டு மூடிவிட்டால் இந்தக் கவலை இல்லை. நொதிச் சோதனைக்கும் கொழுப்பு அமிலச் சோதனைக்கும் போகும் பைகளில் திரவம் சேர்க்கக் கூடாது. அவற்றைக் காற்று போகப் பிதுக்கி மூடிக் குளிர்ப் பொதிக்கு நடுவில் வைக்கச் சொல்கிறது கையேடு. சரியான அறிவுரை.

கையேட்டில் எனக்கு உடன்பாடில்லாத இடம் ஆழம். மேல் 15 சென்டிமீட்டர் மண்ணைப் பல இடங்களில் எடுத்து ஒன்றாகக் கலக்கச் சொல்கிறார்கள். உழுத வயலுக்கு அது பொருந்தும், கலப்பை ஏற்கெனவே கலந்து வைத்த மண் அது. நீர் நிற்கும் மண் அப்படியில்லை. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. அதனால் மேலே சில மில்லிமீட்டரில் ஒரு வாழ்க்கை, அதற்குக் கீழே வேரைச் சுற்றி மட்டும் அதே வாழ்க்கை, மற்ற இடமெல்லாம் முற்றிலும் வேறு. எங்கள் நிலத்தில் இன்னொன்றும் உண்டு. கலப்பை போன ஆழத்துக்குச் சற்றுக் கீழே, பல ஆண்டுகள் எந்திரம் மிதித்து இறுகிப்போன ஒரு தட்டு. வேர் அதைத் துளைத்துப் போகவில்லை. ஆகவே 0 முதல் 5 வரை, 5 முதல் 15 வரை, இறுகிய தட்டுக்குக் கீழே என மூன்று ஆழங்களைத் தனித்தனி மாதிரியாக அனுப்பினேன். செலவு கூடியது. அறிக்கை வந்தபோது, செலவிட்டதில் மிகுந்த பயன் தந்தது இந்தப் பிரிப்புதான்.

இனி அந்த முதல் பக்கம்.

காய்ந்த பகுதிக்குப் பச்சை. நீர் கட்டிய பகுதிக்கு மஞ்சள். கலப்பை படாத பழைய சதுப்புக்குச் சிவப்பு! மூன்று நிலத்திலும் உயிரோட்டம் மிகுந்த மண்ணுக்கு ‘கவனம் தேவை’ என்று எழுதியிருந்தார்கள். மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று அடிக்குறிப்பைப் படித்தால் காரணம் விளங்கும். பாக்டீரியாவில் எத்தனை வகை, அவை எவ்வளவு சமமாகப் பரவியிருக்கின்றன என்ற பல்வகைமைக் குறியீட்டுக்குத்தான் அதில் பெரும் எடை. வகை கூடினால் நல்ல மண், குறைந்தால் கெட்ட மண்.

ஈரநிலத்தில் இந்தக் கணக்கு செல்லாது என்பது புதிய செய்தியும் அல்ல. வட கரோலினாவின் சதுப்புகளையும் புளோரிடாவின் எவர்கிளேட்ஸையும் ஆராய்ந்த ஹார்ட்மனும் உடன் ஆய்வாளர்களும் 2008இலேயே அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் இதை எழுதிவிட்டார்கள். ஈரநிலத்தை மீட்டபோது பாக்டீரியாப் பல்வகைமை குறைந்தது. மேட்டு நிலங்களில் காண்பதற்கு இது நேர் எதிர். பாக்டீரியாக் கூட்டத்தின் அமைப்போடு வலுவாக ஒத்துப்போனவை மண்ணின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு), நிலப் பயன்பாடு, மீட்பின் நிலை ஆகியவை. ஊட்டச்சத்தின் அளவோடு அவ்வளவு ஒத்துப்போகவில்லை.

யோசித்துப் பார்த்தால் இது இயல்புதான். சுண்ணாம்பு இட்டுப் பிஎச்சை நடுநிலைக்குக் கொண்டுவந்த, உரமிட்ட, காற்றோட்டமான மண்ணில் எத்தனையோ வகை பாக்டீரியா நுழைந்து பிழைக்கலாம். பிஎச் நடுநிலையை ஒட்டிய மண்ணில்தான் பாக்டீரியா வகைகள் மிகுதி என்பதும் பல நிலங்களில் பார்த்து உறுதியான ஒன்று. அதே மண்ணில் நீரை நிறுத்தி ஆக்சிஜனை அடைத்தால் அந்த வசதி போய்விடும். ஆக்சிஜன் இல்லாமல் மூச்சுவிடத் தெரிந்தவை மட்டும் தங்கும். வகை குறைவது அங்கே நோயின் அறிகுறியாகாது; வயலில் குடிபுகுந்தவை வெளியேறுகின்றன, அவ்வளவே. பழைய சதுப்பின் சிவப்பு நிறம் மண்ணைப் பற்றி எதையும் சொல்லவில்லை, மதிப்பெண்ணை வடிவமைத்தவர்கள் எந்த மண்ணை நினைத்து வடிவமைத்தார்கள் என்பதைத்தான் சொல்கிறது.

நான் பார்க்கச் சொல்வது பின்பகுதியில் இருக்கும் புள்ளிப்படம். ஒவ்வொரு மாதிரியின் நுண்ணுயிர்க் கூட்டமும் ஒரு புள்ளி. கூட்டங்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றனவோ அவ்வளவு நெருக்கமாகப் புள்ளிகள் விழும். எங்கள் நிலத்தின் கதை முழுவதும் அந்த ஒரு படத்தில் இருந்தது. நீர் கட்டிய பகுதியின் மேல் 5 சென்டிமீட்டர் மண், பழைய சதுப்பின் பக்கம் நன்றாக நகர்ந்துவிட்டது. 5 முதல் 15 வரையிலான மண் நடுவழியில். இறுகிய தட்டுக்குக் கீழே இருந்த மண்ணோ காய்ந்த வயலின் புள்ளிகளோடு ஒட்டிக்கொண்டு நின்றது. மேலே நீர் நிற்கும் சேதி அங்கே போகவேயில்லை. எல்லாவற்றையும் கலந்து ஒரே பையில் அனுப்பியிருந்தால் ‘ஓரளவு மீட்சி’ என்ற ஒரு மங்கலான புள்ளிதான் கிடைத்திருக்கும். அந்தத் தட்டை எங்கெங்கே உடைப்பது என்ற பேச்சு எங்கள் குழுவில் தொடங்கியதே இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான்.

அடுத்து, மரபணு எண்ணிக்கை. கூடுதல் கட்டணம், ஆனால் கட்டாயம் வாங்குங்கள். வகைப் பட்டியலில் வருவதெல்லாம் சதவீதம். ஒன்று கூடினால் மற்றது குறைந்ததுபோல் தோன்றும், உண்மையில் குறைந்ததா என்று தெரியாது. எண்ணிக்கைப் பக்கத்தில் ஒரு கிராம் மண்ணுக்கு இத்தனை பிரதி என்று நேரடி அளவு வருகிறது. அதை வைத்து மண் என்ன வேலை செய்யத் தயாராகிறது என்று வாசிக்கலாம்.

நீர் நின்ற மண்ணில் மூச்சுவிடும் முறைக்கு ஒரு வரிசை உண்டு. ஆக்சிஜன் தீர்ந்ததும் நைட்ரேட், பின்னர் மாங்கனீசு, இரும்பு, சல்பேட், கடைசியில் கரியமில வாயுவிலிருந்து மீத்தேன். ஆக்சிஜன் போன்றவை தீரத் தீர இறங்கும் மண்ணின் மின்னழுத்தம், கிட்டத்தட்ட மைனஸ் 200 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போதுதான் மீத்தேன் உண்டாகத் தொடங்கும். இந்த வரிசையில் மண் எந்த இடத்தில் நிற்கிறது என்று மரபணுக்கள் காட்டிக்கொடுக்கின்றன. இந்தச் சேவை எண்ணுபவற்றில் எனக்குப் பயன்பட்டவை மூன்று: மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாவின் (பாக்டீரியாவிலிருந்து வேறுபட்ட தனி நுண்ணுயிர்ப் பிரிவு) எம்சிஆர்ஏ, மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாவின் பிஎம்ஓஏ, நைட்ரஸ் ஆக்சைடைத் தீங்கில்லாத நைட்ரஜனாக மாற்றும் என்ஓஎஸ்இசட்.

மூன்றாவதை அலட்சியம் செய்யாதீர்கள். உரமிட்ட நிலத்தில் எஞ்சிய நைட்ரேட்டை நுண்ணுயிர்கள் படிப்படியாகக் கழிக்கும்போது இடையில் நைட்ரஸ் ஆக்சைடு வருகிறது. 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல 273 மடங்கு வெப்பம் பிடிக்கும். கடைசிப் படியைச் செய்யும் கூட்டம் வலுவாக இருந்தால்தான் அது வெளியே போகாமல் நைட்ரஜனாக முடியும். எங்கள் மேல்மண்ணில் அந்த மரபணு பழைய சதுப்பின் அளவை நெருங்கிவிட்டதைப் பார்த்தபோது உண்மையாகவே மகிழ்ந்தேன். மீத்தேன் பக்கம் இன்னும் சமநிலை வரவில்லை. உண்டாக்குபவை வேகமாகப் பெருகியிருக்கின்றன, தின்பவை பின்தங்கியிருக்கின்றன. நீர் கட்டிய ஆரம்ப காலத்தில் இப்படி ஆவதுண்டு. ஆனால் மரபணு இருப்பது திறனைக் காட்டும், வேகத்தைக் காட்டாது. எவ்வளவு மீத்தேன் வெளியேறுகிறது என்று தெரிய வேண்டுமானால் மண்ணின்மேல் கலம் கவிழ்த்து வாயுவை அளக்க வேண்டும். அறிக்கையில் இதை ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

கட்டணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வகைப் பட்டியலுக்கு அவர்கள் பயன்படுத்தும் பிரைமர் (எந்த டிஎன்ஏவைப் படிப்பது என்று தேர்ந்தெடுக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) ஆர்க்கியாவையும் பிடிக்குமா? மீத்தேன் உண்டாக்குபவை எல்லாம் ஆர்க்கியா. பாக்டீரியாவை மட்டும் குறிவைக்கும் பிரைமரால் பார்த்தால், ஈரநிலத்தின் முக்கியமான குடிமக்கள் பட்டியலிலேயே வர மாட்டார்கள். இந்தச் சேவை இரண்டையும் பிடிக்கும் 515எஃப், 806ஆர் இணையைப் பயன்படுத்துகிறது. கேட்டதும் தயங்காமல் சொன்னார்கள்.

பழைய டிஎன்ஏ என்ற சிக்கலை அவர்கள் போதுமான அளவு விளக்கவில்லை. செத்த செல்லின் டிஎன்ஏ மண் துகள்களில் ஒட்டிக்கொண்டு நெடுநாள் கிடக்கும். கரினியும் குழுவினரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், மண்ணில் படித்த டிஎன்ஏவில் சராசரியாக 40 சதவீதம் இப்படி உயிரற்றது என்று கண்டார்கள். ஊரைவிட்டுப் போனவர்களின் பெயர் நீக்கப்படாத வாக்காளர் பட்டியல்போல, நீர் கட்டிய புதிதில் எடுக்கும் மண்ணில் பழைய வயலின் நுண்ணுயிர்கள் இன்னும் ‘இருப்பதாக’ வரும். அதனால் வடிகாலை அடைத்த அதே பருவத்தில் பரிசோதித்துவிட்டு மீட்சி இல்லை என்று சோர்ந்துபோக வேண்டாம்.

இதற்கு மாற்றாகவே பாஸ்போலிப்பிட் கொழுப்பு அமிலச் சோதனையையும் சேர்த்து வாங்கினேன். செல் செத்ததும் அதன் சவ்விலிருக்கும் பாஸ்போலிப்பிட் விரைவில் சிதைந்துவிடும், ஆகவே அது உயிரோடிருப்பவற்றைக் காட்டும். நீர் கட்டிய பகுதியில் பாக்டீரியாவோடு ஒப்பிடப் பூஞ்சையின் பங்கு இறங்கியிருந்தது அதில் தெளிவாகத் தெரிந்தது. அதற்கும் எல்லை உண்டு. ஆர்க்கியாவின் சவ்வு வேறு வகை, இந்தச் சோதனையில் அது விழாது. பூஞ்சையின் அடையாளமாக எடுத்துக்கொள்ளும் கொழுப்பு அமிலம் செடி வேரிலும் இருப்பதால், வேரைக் கவனமாகப் பொறுக்கி எடுக்காத மாதிரியில் பூஞ்சை கூடித் தெரியும். மண்ணை அனுப்புமுன் உட்கார்ந்து வேர் பொறுக்குங்கள். சலிப்பான வேலைதான், தவிர்க்க முடியாது.

நொதிச் சோதனையை நான் மறுபடி வாங்க மாட்டேன். செய்யும் கைகள் சரியானவை, செய்யும் முறை ஈரநிலத்துக்கு ஒவ்வாதது. மண்ணைக் கரைசலில் கலந்து, திறந்த காற்றில் குலுக்கி, ஃபீனால் சேர்மங்களை உடைக்கும் ஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கிறார்கள். ஃப்ரீமன், ஆஸ்ல், காங் மூவரும் 2001இல் நேச்சர் இதழில் விளக்கியது இங்கே நேரடியாகப் பொருந்தும். ஆக்சிஜன் இல்லாததால் ஃபீனால் ஆக்சிடேஸ் முடங்குகிறது. அதனால் ஃபீனால் சேர்மங்கள் மண்ணில் சேர்கின்றன. அவை மக்கை உடைக்கும் மற்ற நொதிகளையும் தடுக்கின்றன. சதுப்பு கரிமத்தைச் சேர்த்து வைப்பதன் பின்னால் இருக்கும் பூட்டு இது. ஆய்வகத்தில் காற்றைக் காட்டி அளக்கும்போது அந்தப் பூட்டைத் திறந்துவிட்டுத்தான் அளக்கிறார்கள். வரும் எண், வடிகாலைத் திரும்பத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேண்டுமானால் விடையாகலாம்.

வாடிக்கையாளர் உதவி மிக நன்றாக இருந்தது. அறிக்கை தாமதமானதால் அழைத்தேன். மாதிரியைக் கையாண்டவரே பேசினார். “உங்கள் சதுப்பு மண்ணில் ஹியூமிக் பொருள், அதாவது மக்கிய கரிமம், அதிகம். டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் வினையை அது தடுக்கும். முதல் தடவை பிசிஆர் ஓடவே இல்லை. மறுபடி சுத்திகரித்து, நீர்க்கச் செய்து ஓட்டினோம். அதனால்தான் தாமதம். ஓடாத முடிவை ‘குறைந்த உயிர்’ என்று எழுதி அனுப்ப மனம் வரவில்லை” என்றார். எனக்கு அந்தத் தாமதம் உறுத்தவே இல்லை. மண் எதுவும் சேர்க்காத வெற்றுக் குப்பியையும் கூடவே ஓட்டி, அதில் என்ன வந்தது என்பதை அறிக்கையில் காட்டியிருந்தார்கள். கேட்டதும் கச்சாத் தரவையும் அனுப்பினார்கள். நாளை வேறு ஆய்வகத்துக்கு மாறினாலும் இந்தத் தரவை அதே முறையில் மறுபடி பகுத்து ஒப்பிட முடியும். கச்சாத் தரவு தராத சேவையிடம் நீண்டகால வேலையை ஒப்படைக்காதீர்கள்.

ஆனால் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், மதிப்பெண் குறைந்த நிலங்களுக்கென்று ஒரு நுண்ணுயிர்க் கலவையைப் பரிந்துரைத்திருந்தார்கள். பழைய சதுப்புக்கும் அதே பரிந்துரை! அதை வாங்காதீர்கள். அதன் உறையில் போட்டிருக்கும் இனங்கள் காற்றோட்டமான மண்ணில் வேலை செய்பவை. நீர் நிற்கும் மண்ணில் எது வாழும் என்பதை நீரும் பிஎச்சும் வேரும் தீர்மானிக்கின்றன; வெளியிலிருந்து ஊற்றியதெல்லாம் சில வாரங்களில் காணாமல் போகும். நல்ல நிலத்து மண்ணையே கொஞ்சம் கொண்டுவந்து பரப்புவது வேறு விஷயம். நெதர்லாந்தில் கைவிட்ட விளைநிலங்களில் அப்படிச் செய்து செடிகளும் மண்ணுயிர்களும் எந்தத் திசையில் வளர்கின்றன என்பதையே மாற்ற முடிந்ததாக 2016இல் வந்த ஆய்வு உண்டு. ஆனால் அவை மேட்டு நிலங்கள். பழைய சதுப்பைத் தோண்டி அதைக் காயப்படுத்தி எங்கள் நிலத்தில் பரப்ப எனக்கு விருப்பமில்லை.

இந்த அறிக்கையோடு சேர்த்துப் பயன்படுத்த ஒரு எளிய பொருளைச் சொல்கிறேன். இரும்பு ஆக்சைடு பூசிய பிளாஸ்டிக் பட்டை. ஐரிஸ் என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். மண்ணுக்குள் செருகிச் சில வாரம் விட்டு எடுத்தால், இரும்பைச் சுவாசிக்கும் பாக்டீரியா வேலை செய்த இடமெல்லாம் துருநிறப் பூச்சு கரைந்து வெள்ளையாகிவிடும். அமெரிக்காவில் ஈரநில மண்ணை உறுதிசெய்யும் தொழில்நுட்ப விதியில், இதே பூச்சுள்ள 5 குழாய்களில் 3இலாவது, மேல்மண்ணில் 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு 30 சதவீதப் பூச்சு போயிருக்க வேண்டும் என்று அளவுகோல் வைத்திருக்கிறார்கள். டிஎன்ஏ யார் இருக்கிறார்கள் என்று சொன்னால், இது அவர்கள் வேலை செய்கிறார்களா என்று சொல்லும். எங்கள் பட்டைகள் இறுகிய தட்டுக்கு மேல்வரை வெளுத்து, அதற்குக் கீழே பூசிய நிறம் மாறாமல் வெளியே வந்தன. புள்ளிப்படம் சொன்னதையே பட்டையும் சொன்னது.

பாஸ்பரஸ் சோதனை இந்தச் சேவையில் தனிக் கட்டம். விளைநிலத்திலிருந்து மீட்கிறவர்கள் அதையும் குறியிடுங்கள். இட்ட உரத்தின் பாஸ்பரஸ் இரும்போடு பிணைந்து மண்ணில் கிடக்கும். நீர் நின்று நுண்ணுயிர்கள் இரும்பைக் கரைத்ததும் அதுவும் விடுபட்டு நீரில் கலக்கும். வட கரோலினாவில் 440 ஹெக்டேர் விளைநிலத்தை ஈரநிலமாக மாற்றிய டிம்பர்லேக்கில், மறுபடி நீர் நின்றபோது பாஸ்பரஸ் வெளியேறியதை அளந்து எழுதியிருக்கிறார்கள். எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் ‘ஹோல் இன் தி டோனட்’ என்னும் பகுதியில் 1975இல் விவசாயம் நின்றபின், பாறையை உடைத்து உழுது உரமிட்டிருந்த அந்த மண்ணில் பிரேசில் மிளகு மரம் அடர்ந்துவிட்டது. கடைசியில் மண்ணையே சுண்ணாம்புப் பாறைவரை வழித்தெடுத்துத்தான் மீட்க வேண்டியிருந்தது. நுண்ணுயிர் அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு, பழைய உரம் மண்ணில் விட்டுப்போன இந்தக் கடனைப் பார்க்க முடியாது.

எத்தனை முறை பரிசோதிப்பது? சேவைக்காரர்கள் பருவத்துக்கு ஒரு முறை என்று சந்தா விற்கிறார்கள். தேவையில்லை. மேல்மண்ணின் பாக்டீரியா சீக்கிரம் மாறும். அது மாறிவிட்டதை மீட்சி என்று எடுத்துக்கொள்ள முடியாது. மொரேனோ-மத்தேயோஸும் குழுவினரும் 2012இல், மீட்ட அல்லது புதிதாக உருவாக்கிய 621 ஈரநிலங்களின் தரவைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு நூற்றாண்டு கழிந்தபின்னும் உயிரின அமைப்பு ஒப்பீட்டு நிலங்களைவிட 26 சதவீதமும், முக்கியமாகக் கரிமச் சேமிப்பைக் கொண்டு அளந்த மண்ணின் செயல்பாடு 23 சதவீதமும் குறைவாகவே இருந்தன. ஐரோப்பாவில் வடித்த கரிச்சதுப்புகளில் (மக்காத செடிப்பொருள் தடிமனாகப் படிந்த சதுப்புகளில்) மறுபடி நீர் கட்டிய 320 இடங்களை, இயற்கை நிலையை ஒட்டிய 243 இடங்களோடு ஒப்பிட்ட 2021ஆம் ஆண்டு ஆய்வும், அவை தம் பழைய நிலைக்கு அப்படியே திரும்பவில்லை என்றே காட்டியது. இவ்வளவு மெதுவாக நடக்கும் ஒன்றை மூன்று மாதத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்ப்பதைவிட, சில ஆண்டு இடைவெளியில், அதே பருவத்தில், அதே நீர்மட்டத்தில், அதே ஆழங்களில் எடுப்பதே மேல். மிச்சமாகும் பணத்தை ஒப்பீட்டு நிலத்தில் கூடுதல் மாதிரிக்குச் செலவிடுங்கள். சதுப்பும் இடத்துக்கு இடம் மாறும், ஒரே ஒரு புள்ளியை இலக்காக வைக்க முடியாது.

யாருக்கு இந்தச் சேவை பொருந்தும்? அருகில் கெடாத ஈரநிலம் ஒன்று இருந்து, நீர்மட்டத்தைத் தொடர்ந்து குறித்துவைக்கும் பழக்கமும் உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். நீர்மட்டக் குழாய்கூட இன்னும் பதிக்காதவர்கள் முதலில் அதைப் பதியுங்கள், இரும்புப் பட்டை செருகுங்கள், டிஎன்ஏ காத்திருக்கும். சேவையை நடத்துபவர்களிடம் நான் எழுத்தில் கேட்டிருப்பது இவை: படிவத்தில் ஒப்பீட்டு நிலத்துக்கும் நீர் நின்ற காலத்துக்கும் கட்டம் வேண்டும், ஈரநிலம் என்று குறித்தால் முதல் பக்க மதிப்பெண் அச்சாகக் கூடாது, அதன் இடத்தில் ஒப்பீட்டு நிலத்திலிருந்து எவ்வளவு தூரம் என்ற அளவு வர வேண்டும், கலவைப் பரிந்துரையை எடுத்துவிட வேண்டும். படிவத்தை மாற்றுவதாகப் பதில் வந்திருக்கிறது, மதிப்பெண்ணைப் பற்றிப் பதில் இல்லை. அடுத்த முறை என் படிவத்தில் குறியிடப்போவது ஆர்க்கியாவும் சேர்ந்த வகைப் பட்டியல், மூன்று மரபணு எண்ணிக்கைகள், கொழுப்பு அமிலம், பாஸ்பரஸ். தட்டை உடைக்கும் இடத்தில் ஒன்றும் உடைக்காத இடத்தில் ஒன்றுமாக அதன் கீழ்மண்ணிலிருந்து இரண்டு குப்பிகள் கூடுதலாகப் போகும்.